விளக்கு வேண்டாம்

தன் சாவுச் செய்தியை வெள்ளைச்சாமி நின்றுகொண்டே படித்தான்.

எட்டடி உயர ஃப்ளெக்ஸ். பர்கூர் தாண்டி, கிரானைட் குவாரிகளுக்கு நடுவே இருக்கும் அந்த அரசு மேல்நிலைப் பள்ளியின் கேட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள்.

'பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, 1998. எங்களை விட்டுப் பிரிந்த நண்பர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.'

நான்கு போட்டோக்கள். நான்கிலும் மாலை.

மூன்று பேர் நிஜமாகவே செத்தவர்கள். ஒருவன் பஸ் விபத்தில். ஒருத்தி பிரசவத்தில். மூன்றாவது விஜயகுமார்... பதினைந்து வயதில், பள்ளிக்குப் பின்னால் இருந்த குவாரிக் குட்டையில் மூழ்கிப் போனவன்.

நாலாவது போட்டோ...

வெள்ளைச்சாமி!

நாற்பத்து மூன்று வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், கருவிகள் செய்து தீட்டுகிற டூல் ரூமின் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பழைய மாணவர் விழாவுக்கென்று ஆண்கள் எல்லோருக்கும் எடுத்த அதே வானநீலச் சட்டையில், வியர்த்துப்போய் நிற்கிறவன்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது. முதலில் சிரித்தவன் லியோ. பர்கூரில் செல்போன் கடை வைத்திருப்பவன், வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின், இந்த விழாவுக்கு அலைந்தவன்.

"மாப்ள, இதைக் கேளு. மத்த மூணு பேருக்கும் விளக்கு. உனக்கு மட்டும் எங்க ஆளுங்க மாதிரி சிலுவை போட்டு, 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்'னு அடிச்சிருக்கான். செத்ததும் தப்பு, மதமும் தப்பு!"

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை.

சிரிக்காத இன்னொரு ஆள் காத்தூன். இருபத்தேழு வருடத்துக்கு முன் பெண்கள் வரிசையில் கடைசி பெஞ்ச். இன்று தர்மபுரியில் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். எல்லாப் பெண்களையும் போல அதே மெரூன் புடவையில் இருந்தாலும், அவள் நின்ற விதத்தில் யூனிஃபார்ம் தெரிந்தது.

போட்டோவை யார் கொடுத்தது என்று லியோவைக் கேட்டாள். செத்தவர்களின் போட்டோ இருந்தால் கிருஷ்ணகிரி ஃப்ளெக்ஸ் கடைக்கு நேராக அனுப்பச் சொல்லி, கடை நம்பரை குரூப்பில் போட்டிருந்தானாம். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது.

காத்தூன் கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரர் காலித் பதறினார். வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு நம்பரிலிருந்து அந்தப் போட்டோ வந்தது, குரூப் ஆள் என்று நினைத்து அடித்துவிட்டேன் என்றார். நம்பரை வாங்கி அழுத்திப் பார்த்தாள்.

ஸ்விட்ச் ஆஃப்.

"யாரோ விளையாடுறானுங்க" என்றான் லியோ.

வெள்ளைச்சாமி தன் போட்டோவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காத்தூன் அதைக் கவனித்தாள்.

அவனைத் தனியாக சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் அழைத்துப் போனாள்.

"சொல்லு. யாரு?"

அவன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். குரல் கீழே இறங்கியது.

"விஜயகுமார் குட்டையில தானா விழல, காத்தூன்."



"முனிவேல் தள்ளினான். நான் பார்த்தேன். அன்னிக்கு வாயைத் திறந்தா உன்னையும் தள்ளிடுவேன்னான். பதினஞ்சு வயசு... பயந்துட்டேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னுதான் வந்தேன்."

"அது அவனுக்குத் தெரியுமா?"

"போன வாரம் போன்ல அவன்கிட்டயே சொன்னேன். நீ உயிரோட மேடை ஏறினாத்தானேன்னான்."

முனிவேல்! நாற்பது வயதுக்குள் மூன்று குவாரிகளைப் பார்த்தவன். பாறையில் ஓட்டை போட்டு மருந்து வைக்கிற வேலையில் ஆரம்பித்து, இன்று சொந்தமாகக் கல் உடைக்கும் கிரஷர் நடத்துகிறவன். வெடிமருந்தோடும் உளியோடும் வாழ்ந்தவன்.

"சாப்பாடு முடியற வரைக்கும் என் கண்ணுல படற மாதிரி இரு" என்றாள் காத்தூன். "தனியா எங்கயும் போகாதே."

வெள்ளைச்சாமி தலையாட்டினான். அடுத்த மாசம் தன் மகளுக்குக் கல்யாணம் என்றான். அதைப் பார்க்க உயிரோடு இருந்தால் போதும் என்றான்.

பத்தே காலுக்கு ஒரு ஜீப் வந்து நின்றது.

முனிவேல் இறங்கினான். எலும்பும் தோலுமாக, கல் போன்ற முகத்தோடு. யாருக்கும் வணக்கம் சொல்லாமல் ஃப்ளெக்ஸின் முன்னால் போய் நின்றான். ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு திரும்பி, நேராக வெள்ளைச்சாமியிடம் வந்தான்.

"இன்னும் உயிரோடதான் இருக்கியா, மச்சி?"

கட்டிப் பிடித்தான். வெள்ளைச்சாமியின் முதுகில் அவன் விரல்கள் இறுகுவதை காத்தூன் கவனித்தாள்.

முனிவேல் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டான்.

"ஏன்டா, எங்கூட மாரியம்மன் கோயில்ல தீ மிதிச்ச பயலுக்கு என்னாத்துக்குடா சிலுவை? எவன் அடிச்சான் இதை?"

மறுபடி சிரிப்பு. முனிவேல் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தான். நெடு நேரம் இருமினான். வாயைத் துடைத்த கர்ச்சீப்பை யாரும் பார்க்கும் முன் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

பிறகு லியோவிடம் போனான். சாப்பாட்டுக்கு அப்புறம் தனக்கு மைக் வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டான்.

அதைக் கேட்ட வெள்ளைச்சாமியின் முகத்தில் ரத்தமே இல்லை.

விழா தொடங்கியது. பழைய கணக்கு வாத்தியாருக்குச் சால்வை போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்தார்கள். யார் வழுக்கை, யார் தொப்பை, யார் துபாய் என்று கேலி பேசினார்கள். காத்தூனின் ஒரு கண் வெள்ளைச்சாமியின் மேல். இன்னொரு கண் முனிவேலின் மேல். குரூப் போட்டோவுக்கு நிற்க வைத்த தள்ளுமுள்ளில் மட்டும் இருவரையும் தவறவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே 'டமார்' என்று ஒரு சத்தம்.

காத்தூன் ஓடினாள்.

சுற்றுச்சுவர் ஓரமாக, சரிவின் கீழே நிறுத்தியிருந்த வெள்ளைச்சாமியின் கார். முன் கண்ணாடி முழுசாக நொறுங்கியிருந்தது. டிரைவர் சீட்டில், ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டு, தலையளவு கருங்கல். உளி பட்ட தழும்போடு இருக்கும் குவாரிக் கல்.

உட்கார்ந்திருந்தால் தலை இருந்திருக்காது.

"பார்த்தியா?" என்றான் பின்னால் ஓடிவந்த வெள்ளைச்சாமி.

காத்தூன் சுவரின் மேலே பார்த்தாள். யாருமில்லை. மேலே விளிம்பில் இன்னும் நாலு கற்கள், உருளத் தயாராக. முனிவேல் எங்கே என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள்.

பர்கூர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். ஹைவேயில் ஒரு லாரி கவிழ்ந்திருக்கிறது, ஒரு மணி நேரத்தில் வருகிறோம் என்றார்கள்.

ஒரு மணி நேரம்!

முனிவேலைத் தேடிப் பிடித்துத் தன் பக்கத்திலேயே பந்தியில் உட்கார வைத்தாள். வெள்ளைச்சாமி எதிர் வரிசை. பிரியாணி வந்தது. முனிவேல் தொடவே இல்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன முனிவேல், பேசறதுக்கு மனப்பாடம் பண்றியா?"

"எழுதியே வெச்சிருக்கேன், காத்தூன்" என்றான் அவன். "படிக்கறப்ப மட்டும் எனக்கு மூச்சு வாங்காம இருக்கணும்."

அந்த நேரம் பார்த்து கணக்கு வாத்தியார் மயங்கிச் சரிந்தார்.

வெயில். வயது. எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். காத்தூன்தான் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் தெளித்து, காற்று வர வழி பண்ணினாள். மூன்று நிமிடம். அதற்கு மேல் இல்லை.

நிமிர்ந்தாள்.

இரண்டு பேரின் இடமும் காலி.

லேப் கட்டடத்தின் பின்னால் கை கழுவும் குழாய்கள். அங்கே இரண்டு ஆண்கள். ஒரு கத்தி.

யார் முதலில் எடுத்தது என்பதைப் பார்த்தது சுவரில் இருந்த ஓணான் மட்டும்!

அதன் பிறகு கேட்டது எவாஞ்சலினின் அலறல். கை கழுவப் போன எவாஞ்சலின், கூடப் படித்தவள், இதே பள்ளியில் இப்போது டீச்சர், பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காத்தூன் போய்ச் சேர்ந்தபோது குழாய் திறந்தபடி இருந்தது. தொட்டித் தண்ணீர் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது.

முனிவேல் மல்லாந்து கிடந்தான். வயிற்றில் ஒரு குத்து. கழுத்தில் ஒரு குத்து. வானநீலச் சட்டையில் நீலம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கழுத்தை அழுத்திப் பிடித்தாள். விரல்களுக்கு நடுவே சூடாகப் பொங்கியது. அவன் உதடு ஏதோ சொல்ல முயன்றது. குமிழிதான் வந்தது. கால் இரண்டு முறை மண்ணை உதைத்தது.

அவ்வளவுதான்.

மூன்றடி தள்ளி, சுவரில் சாய்ந்து வெள்ளைச்சாமி. இடது முன்கையில் நீளமாக ஒரு வெட்டு. அவன் காலடியில் கத்தி. இரும்பு அறுக்கும் பழைய ஹாக்ஸா பிளேடைத் தீட்டிச் செய்து, கைப்பிடிக்கு டேப் சுற்றிய கத்தி.

"அவன்... அவன்தான் எடுத்தான். கையைக் கீறிட்டான். பிடுங்கினேன், காத்தூன். பிடுங்கலைன்னா நான்தான் அங்க கிடப்பேன்."

யாரும் அவனைச் சந்தேகப்படவில்லை. எப்படிச் சந்தேகப்படுவார்கள்? காலையிலிருந்து அத்தனை பேரும் பார்த்தார்கள். செத்தவர்கள் வரிசையில் அவன் போட்டோ. காரில் கல். இப்போது கத்தி. லியோ அவனைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டான்.

காத்தூன் யாரும் எதையும் தொடக்கூடாது என்றாள். கூட்டத்தை மரத்தடிக்கு விரட்டினாள். எவாஞ்சலினைக் கூப்பிட்டு, வெள்ளைச்சாமியின் கையில் ஒரு துண்டைக் கட்டச் சொன்னாள். கட்டி முடித்ததும் அவன் போனை எடுத்தான். மனைவிக்கு.

"லிபியா... எனக்கு ஒண்ணுமில்ல. கர்த்தர் காப்பாத்திட்டாரு. அழாதே. ஜெபம் பண்ணு. பாஸ்டருக்குப் போன் பண்ணி, இன்னிக்கு சாயந்திரம் ஆராதனைக்கு வர முடியாது, காணிக்கையை வேற மூப்பரை வெச்சு எடுக்கச் சொல்லு."

பக்கத்தில் நின்ற லியோவின் வாய் திறந்தது.

"ஏன்டா... நீ எங்க ஆளா? எப்ப?"

"பதினோரு வருஷமாச்சு" என்றான் வெள்ளைச்சாமி சோர்வாக. "ஓசூர்ல ஞானஸ்நானம் எடுத்தேன். பள்ளிக்கூடத்து ஆளுங்க யார்கூடயும் எனக்குத் தொடர்பே இல்லையே. போன மாசந்தானே நீ குரூப்புல சேர்த்தே?"

லியோ அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான். "அப்ப அந்த சிலுவை சரியாத்தான் போட்டிருக்கான்" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அது காத்தூனின் காதிலும் விழுந்தது.



போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள்.

"காலித் பாய், அந்த நாலாவது போட்டோவுக்கு சிலுவையை நீங்களாப் போட்டீங்களா?"

"இல்ல மேடம். நம்ம கடையில அஞ்சலின்னா விளக்குதான் டிசைன். நாலு பேருக்கும் விளக்கு போட்டு, போட்டோ அனுப்பினவங்க எல்லாருக்கும் பார்க்க அனுப்பினேன். மத்தவங்க ஓகேன்னுட்டாங்க. இவர் மட்டும் மாத்தச் சொன்னாரு. இருங்க, படிக்கறேன். 'விளக்கு வேண்டாம். சிலுவை வைக்கவும். கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்று போடவும்.' அவ்வளவுதான் மேடம். அப்பறம் நம்பரே எடுக்கல."

காத்தூன் போனை வைத்தாள்.

முனிவேலின் ஜீப்பைத் திறந்து பார்த்தாள். பின் சீட்டில் ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், மூக்கில் மாட்டுகிற குழாயோடு. ஒரு ஆஸ்பத்திரி ஃபைல். முதல் பக்கத்தை மட்டும் படித்தாள். கல்லுத் தூசி நுரையீரலைத் தின்று முடித்திருந்தது.

திரும்பி வந்து வெள்ளைச்சாமியின் எதிரே உட்கார்ந்தாள். லியோவையும் எவாஞ்சலினையும் மரத்தடிக்கு அனுப்பினாள்.

"போட்டோ அனுப்பினது முனிவேல்தானே?"

"வேற யாரு?"

"நீ ஞானஸ்நானம் எடுத்தது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன்ல சொன்னேன்."

"காலையில நீயும் பக்கத்துல இருந்தே. தீ மிதிச்ச பயலுக்கு என்னாத்துக்கு சிலுவைன்னு கேட்டவன் முனிவேல். அம்பது பேர் கேட்டோம்."



"விளக்கு வேண்டாம், சிலுவை வையின்னு கடைக்கு மெசேஜ் போயிருக்கு. உன்னைக் கொல்ல நினைக்கிறவனுக்கு, உன் போட்டோ முன்னாடி விளக்கு எரிஞ்சா என்ன, சிலுவை நின்னா என்ன? அதைப் பார்த்து யாருக்கு உடம்பு கூசும், வெள்ளைச்சாமி?"

அவன் கண் கத்தியின் மேல் போனது. காத்தூன் அதைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.

"பொய்யா செத்தப்பகூட விளக்குக்கு முன்னாடி நிக்க உனக்கு மனசு வரல. நீ சபையில மூப்பர் இல்லையா? இந்தக் கூட்டத்துல உனக்கு சிலுவை போடணும்னு தெரிஞ்ச ஆள் ஒரே ஒருத்தன்தான். நீ."

"காத்தூன், என் கையைப் பாரு..."

"பார்த்தேன். உன் கையில ஒரு கீறல். அவன் உடம்புல ரெண்டு ஓட்டை. மாடிப்படி ஏற முடியாதவன்டா அவன். ஜீப்புல ஆக்ஸிஜன் வெச்சுட்டு வந்திருக்கான். தலையளவு கல்லை சுவர் மேல தூக்கி வெச்சு உருட்டினானாம். குரூப் போட்டோ எடுத்தப்ப நீயும்தான் கண்ணுல படல. ஹாக்ஸா பிளேடைத் தீட்டறது குவாரிக்காரன் வேலையா, டூல் ரூம் வேலையா?"

வெள்ளைச்சாமி திடீரென்று எழுந்தான்.

ஓடவில்லை. பாய்ந்தான்!

நல்ல கையால் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். காத்தூனுக்குக் கண் இருட்டியது. காது இரைந்தது. கட்டை விரல் குரல்வளையில் இறங்கியது. அவள் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவனுடைய இடது கையைத் தேடினாள். துண்டுக் கட்டு கிடைத்தது. வெட்டுக் காயத்தின் மேலேயே ஐந்து விரலையும் வைத்து நெரித்தாள்.

அவன் அலறினான். பிடி விட்டது. முழங்காலை அவன் அடிவயிற்றில் ஏற்றினாள். அவன் மடங்கியபோது தலைமுடியைப் பிடித்துக் குழாய்த் தொட்டியின் சிமென்ட் விளிம்பில் ஒரு தடவை. போதவில்லை. இன்னொரு தடவை.

வெள்ளைச்சாமி ஈர மண்ணில் உட்கார்ந்தான். நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம். லியோ ஓடி வந்தான். பந்தல் கயிற்றை அறுத்துக்கொண்டு வரச் சொல்லி, கையைப் பின்னால் கட்டினாள் காத்தூன். இருமலோடு கேட்டாள்.

"விஜயகுமாரைத் தள்ளினது யாரு?"



"நான்தான்."

"எதுக்கு?"

"அரையாண்டுப் பரீட்சையில முனிவேல் பேப்பரைப் பார்த்து எழுதினேன். விஜயகுமார் வாத்தியார்கிட்டப் போட்டுக் கொடுத்துட்டான். சட்டையைக் கழட்டச் சொல்லி, பொண்ணுங்க முன்னாடி அடிச்சாரு. மத்தியானம் குட்டைக்குப் போனப்ப... தள்ளினேன். மேல வந்தான். தலையில கல்லைப் போட்டேன். முனிவேல் பார்த்துட்டு நின்னான்."

"இத்தனை வருஷம் அவன் சொல்லலையே?"

"போன வாரம் போன் பண்ணினான். இனிமே என்னால தூக்கிச் சுமக்க முடியாதுடா, ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடப் போறேன்னான். நான் பேசறதுக்குள்ள வெச்சுட்டான். என் பொண்ணு கல்யாணம்... சபையில என் பேரு... எல்லாம் போயிடும். அவன் மேடை ஏறக்கூடாது. அவ்வளவுதான் நினைச்சேன்."

காத்தூன் எழுந்து முனிவேலிடம் போனாள். புடவைத் தலைப்பால் விரலைச் சுற்றிக்கொண்டு அவன் பேன்ட் பாக்கெட்டில் கை விட்டாள்.

மடித்த ஒரு வெள்ளைத் தாள். ஒரு ஓரம் மட்டும் சிவந்திருந்தது. நல்ல, குண்டு குண்டான கையெழுத்து.

படித்தாள். முகம் மாறியது. திரும்பவும் ஒருமுறை படித்தாள்.

அப்புறம் வெள்ளைச்சாமியின் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவனுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

'நண்பர்களே. விஜயகுமாரைக் குட்டையில் தள்ளியது நான். நான் மட்டும்தான். வெள்ளைச்சாமி அன்று அந்தப் பக்கமே வரவில்லை. அவன் மேல் யாரும் சந்தேகப்படக் கூடாது. டாக்டர் எனக்கு இரண்டு மாசம் கொடுத்திருக்கிறார். போகிறவன் பாவத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். இருக்கிறவன் நிம்மதியாக இருக்கட்டும்.'

வெள்ளைச்சாமி அவளையே பார்த்தான். பிறகு தாளைப் பார்த்தான். பிறகு அந்த உடம்பைப் பார்த்தான்.

கேட்டில் போலீஸ் ஜீப் நுழைகிற சைரன்.

காத்தூன் தாளை மடித்தாள்.

"பரீட்சை பூரா அவன் பேப்பரைத்தானேடா எட்டி எட்டிப் பார்த்தே? இன்னிக்கு ஒருவாட்டி பார்த்திருந்தா பாஸாயிருப்பே!"